உர்ஃபாவின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி என்றதும் இஸ்தான்புல் நினைவுக்கு வரும், அப்புறம் பலூன் பறக்கும் கப்படோக்கியா. தென்கிழக்கு மூலையில், சிரியா எல்லைக்கு அருகே இருக்கும் உர்ஃபாவைப் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஆளுக்கொரு வழியில்தான் வந்து சேர்கிறார்கள்: கோபெக்லி தெபே படத்தைப் பார்த்தவர் ஒருவர், சிலுவைப்போர் பற்றிப் படித்தவர் ஒருவர், தேவாலய வரலாற்றில் எடெஸ்ஸா என்ற பெயரைச் சந்தித்தவர் ஒருவர். மூவரும் கேட்பது ஒரே ஊரைப் பற்றித்தான் என்பதே அவர்களில் பாதிப் பேருக்குச் சொன்னால்தான் தெரிகிறது. அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எடெஸ்ஸா, உர்ஃபா, ஷான்லிஉர்ஃபா: மூன்றும் ஒரே ஊரா?

ஆமாம். இன்னும் சில பெயர்களும் உண்டு. சிரியாக் என்ற பழைய அரமேய மொழியில் உர்ஹாய், அரபியில் ருஹா, குர்திஷில் ரிஹா. உர்ஹாய்தான் இவற்றில் மூத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான முதலாம் செலூக்கஸ், கி.மு. 300ஐ ஒட்டி இங்கே கிரேக்கக் குடியேற்றம் ஒன்றை நிறுவி, மாசிடோனியாவில் இருந்த எடெஸ்ஸாவின் பெயரை அதற்கு வைத்தார். அந்த எடெஸ்ஸா அருவிகளுக்குப் பேர்போனது. இங்கேயும் ஊற்றுகளும் ஓடைகளும் இருந்ததால்தான் அந்தப் பெயர் என்பது ஒரு கருத்து. பிறகு 'கல்லிரோ ஓரத்து அந்தியோக்கியா' என்றும் ஒரு பெயர் வந்தது. கல்லிரோ என்றால் அழகாக ஓடும் நீர்.

ஆட்சியாளர்கள் வைத்த பெயர்கள் எல்லாம் போய், பழைய உர்ஹாய் தேய்ந்து உர்ஃபாவாக நின்றுவிட்டது. 'ஷான்லி' பட்டம் 1984இல் வந்தது. அது ஏன் என்று கீழே சொல்கிறேன். ஊர்க்காரர்கள் இன்றும் உர்ஃபா என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

உலகின் முதல் கோயில் இங்கேதான் இருக்கிறதாமே?

கோபெக்லி தெபேயைக் கேட்கிறீர்கள். அது நகருக்குள் இல்லை, வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் மேல் இருக்கிறது. 1963இல் ஒரு கள ஆய்வுக் குழு பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று கடந்துபோனது. 1990களின் நடுவில் கிளாவுஸ் ஷ்மித் என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அதன் வயது தெரிந்தது. கி.மு. 9500 அளவில், மண்பாண்டமோ முறையான விவசாயமோ வராத காலத்தில், ஐந்தரை மீட்டர் உயரம்வரை T வடிவக் கல்தூண்களை வெட்டி வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் நரி, பாம்பு, தேள், பிணந்தின்னிக் கழுகு எல்லாம் செதுக்கியிருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

'கோயில்' என்பது ஷ்மித்தின் விளக்கம். மக்கள் அங்கே குடியிருந்ததற்கும் தடயங்கள் கிடைத்திருப்பதால், இப்போது அந்தச் சொல்லைச் சற்று எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறார்கள்.

என்னைக் கேட்டால், அதைவிட வியப்பானது நகருக்குள்ளேயே கிடைத்த 'உர்ஃபா மனிதன்'. பழைய நகரில், மீன் குளத்துக்கு (அதன் கதை கீழே) அருகே கட்டுமான வேலை நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிலை. கிட்டத்தட்ட ஆள் உயரம், ஏறக்குறைய 11,000 ஆண்டு வயது. ஆளுயரத்தில் மனித உருவைக் காட்டும் சிலைகளில் இதுவரை கிடைத்த மிகப் பழையவற்றில் இது ஒன்று. கண் குழிகளில் கருப்பு எரிமலைக் கண்ணாடி பதித்திருக்கிறது. கழுத்தில் V வடிவில் இரட்டைப் பட்டை, இரண்டு கைகளும் அடிவயிற்றுக்குக் கீழே. மூக்கு இருக்கிறது, வாய் மட்டும் இல்லை. செதுக்க மறந்ததாகத் தெரியவில்லை, வேண்டுமென்றே விட்டதுபோல் இருக்கிறது. உர்ஃபா அருங்காட்சியகத்தில் அதன் எதிரே நின்றால் அது உங்களைப் பார்க்கும், ஆனால் எதுவும் சொல்லாது.

ஆக, அந்த ஊற்றுகளைச் சுற்றி மனிதர்கள் 11,000 ஆண்டுகளாக இருக்கிறார்கள். இடையில் விட்டுவிட்டு வந்தார்களா, தொடர்ந்து இருந்தார்களா என்பது வேறு கேள்வி.

ஆபிரகாம் உர்ஃபாவில் பிறந்தவரா?

ஊர்க்காரர்களிடம் சந்தேகமாகக் கேட்டுவிடாதீர்கள். அவர் பிறந்ததாக நம்பப்படும் குகை கோட்டையின் அடிவாரத்தில் இருக்கிறது, தினமும் மக்கள் வந்து தொழுகிறார்கள். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் பைபிளில் வரும் 'ஊர்' தெற்கு ஈராக்கில் இருப்பது என்கிறார்கள். ஆனால் ஆபிரகாம் தங்கியதாக ஆதியாகமம் சொல்லும் ஹாரான், உர்ஃபாவுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் ஹர்ரான் என்ற பெயரிலேயே இன்றும் இருக்கிறது. உர்ஃபாவின் மரபு அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மீன் குளத்தின் கதை என்ன?

கொடுங்கோல் அரசன் நிம்ரோத், சிலைகளை உடைத்த ஆபிரகாமைக் கோட்டை உச்சியிலிருந்து தீக்குள் வீசச் சொன்னான். தீ தண்ணீராக மாறியது, எரிந்துகொண்டிருந்த கட்டைகள் மீன்களாயின. இதுதான் பாலிக்லிகோல், அதாவது 'மீன் ஏரி'யின் கதை. பக்கத்தில் இன்னொரு சிறிய குளம். ஆபிரகாமை நம்பிய நிம்ரோத்தின் மகள் செலிஹாவும் தீயில் குதித்ததாகச் சொல்லி, அதற்கு அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள். கோட்டையின் மேல் நிற்கும் இரண்டு உயரமான தூண்கள்தான் வீசிய கவண் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவற்றில் ஒன்றில் சிரியாக் எழுத்து வெட்டியிருக்கிறது. மஅனுவின் மகளான ஷல்மத் அரசிக்காக இந்தத் தூணையும் மேலிருந்த சிலையையும் செய்தேன் என்று ஒருவர் அதில் எழுதி வைத்திருக்கிறார். பாவம், அவர் செய்த சிலை போய்விட்டது. தூண் மட்டும் கவண் ஆகிவிட்டது.

மீன்கள் இந்தக் கதைக்கும் மூத்தவை. இஸ்லாமும் கிறிஸ்தவமும் வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் அதர்காத்திஸ் என்ற தாய்த்தெய்வத்தை வழிபட்டார்கள். அவளுக்கு மீன் புனிதம், கோயிலில் மீன் குளம் வைப்பது வழக்கம். மதம் மாறியபோது மக்கள் குளத்தைத் தூர்க்கவில்லை, மீனைப் பிடித்துத் தின்றுவிடவும் இல்லை. கதையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். குளக்கரையில் இப்போது நிற்கும் ஹலீலுர் ரஹ்மான் மசூதி 1211இல், அய்யூபியர் காலத்தில் கட்டியது. எதிர்க்கரையில் வளைவு வளைவாகத் தண்ணீரில் நிழல் விழ நிற்கும் ரிஸ்வானியே மசூதி ஆட்டோமன் காலத்தது.

இயேசுவுக்குக் கடிதம் எழுதிய அரசர் என்று ஒருவரைச் சொல்கிறார்களே?

அப்கர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செலூக்கிய அரசு தளர்ந்தபோது எடெஸ்ஸாவில் ஒஸ்ரோயீன் என்ற சிற்றரசு எழுந்தது. ரோமுக்கும், பாரசீகத்தை ஆண்ட பார்த்தியாவுக்கும் நடுவில், யார் பக்கம் சாய்வது என்று கணக்குப் போட்டே மூன்றரை நூற்றாண்டு பிழைத்தது. அதன் அரசர்களில் பலருக்கு அப்கர் என்று பெயர்.

கதை இப்படி: நோயில் கிடந்த ஐந்தாம் அப்கர், 'எங்கள் ஊர் சின்னது, ஆனால் நம் இருவருக்கும் போதும், வந்துவிடுங்கள்' என்று இயேசுவுக்கு எழுதினார். வர முடியாது, சீடர் ஒருவரை அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ், இந்தக் கடிதங்கள் எடெஸ்ஸா ஆவணக் காப்பகத்தில் கிடைத்ததாக எழுதுகிறார். அவை பிற்காலத்தில் எழுதப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. கடிதத்தோடு ஒரு துணியில் பதிந்த இயேசுவின் முகமும் பின்னர் கதையில் சேர்ந்தது. அந்தத் துணியை 944இல் பைசாந்தியர்கள் (கிழக்கு ரோமப் பேரரசினர்) கேட்டு வாங்கி, கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படியானால் எடெஸ்ஸாதான் முதல் கிறிஸ்தவ நாடா?

கி.பி. 200ஐ ஒட்டி ஆண்ட எட்டாம் அப்கர் மதம் மாறினார் என்று பலகாலம் எழுதிவந்தார்கள். ஆதாரம் வலுவாக இல்லை. ஆனால் அவர் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஊரில் ஒரு கட்டடம் இருந்தது. அது தெரிவதே ஒரு வெள்ளத்தால்தான்.

எந்த வெள்ளம்?

கி.பி. 201 நவம்பர். ஊருக்குள் ஓடிய தைசான் ஆறு இரவில் பெருகி மதிலை உடைத்து, அரண்மனையை அடித்துக்கொண்டு போனது. தூங்கிக்கொண்டிருந்த 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு எழுத்தர்கள் இதைப் பதிவுசெய்தார்கள், பிற்கால 'எடெஸ்ஸா வரலாற்றுக் குறிப்பு' அதை அப்படியே சேர்த்து வைத்திருக்கிறது. சேதப் பட்டியலில் 'கிறிஸ்தவர்களின் சபைக் கோயில்' என்று ஒரு வரி வருகிறது. தேவாலயக் கட்டடம் ஒன்றைப் பற்றி உலகில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வரும் அரசாணை. ஆற்றோரத் தாழ்வாரங்களில் கடை வைத்திருப்பவர்கள் குளிர்காலம் முடியும்வரை இரவில் கடையில் படுக்கக் கூடாது. மதில்மேல் காவலர் ஐந்து பேர் குளிர்காலம் முழுக்க இரவில் விழித்திருந்து, தண்ணீர் சத்தம் கேட்டதும் கூவ வேண்டும். சத்தம் கேட்டும் கூவாதவருக்குத் தண்டனை. பாதிக்கப்பட்டவர்களுக்கு வரி தள்ளுபடி. அரசரும் தனக்கு மேட்டில் புது அரண்மனை கட்டிக்கொண்டார். 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய பேரிடர் மேலாண்மைச் சுற்றறிக்கை!

வெள்ளம் அதோடு நிற்கவில்லை. 525இல் வந்தது மிக மோசம். மக்களில் மூன்றில் ஒரு பங்கு போனது என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் எழுதுகிறார். அதன் பிறகு பேரரசர் ஜஸ்டினியன் ஊருக்கு மேலே அணை கட்டி, ஆற்றை மதிலுக்கு வெளியே திருப்பிவிட்டார். இன்று கராகோயுன் என்று அழைக்கப்படும் ஓடை அந்தத் திருப்பிவிட்ட பாதையில்தான் போகிறது. 2023 மார்ச் 15இல், பெரும் பூகம்பம் வந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், பெருமழை பெய்து உர்ஃபாவின் தெருக்கள் மறுபடி ஆறாயின. சுரங்கப்பாதையில் வண்டியோடு சிக்கியவர்களும் உண்டு, பலர் உயிரிழந்தார்கள்.

தோமாவின் எலும்புகள் மயிலாப்பூரிலிருந்து எடெஸ்ஸாவுக்குப் போனது உண்மையா?

தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தெரிந்ததைத் தனித்தனியாகச் சொல்கிறேன்.

இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. 3ஆம் நூற்றாண்டில், சிரியாக் மொழியில், அநேகமாக எடெஸ்ஸாவிலேயே எழுதப்பட்டது. அவர் இந்தியாவில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார், எலும்புகளை ஒருவர் மேற்கே எடுத்துப் போய்விட்டார் என்று அது முடிகிறது. மயிலாப்பூர் என்ற பெயர் அதில் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எடெஸ்ஸாவில் வாழ்ந்த புனித எப்ரேம், ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்தார் என்று பாடியிருக்கிறார். 394இல் அவற்றைப் பெரிய தேவாலயம் ஒன்றுக்கு மாற்றியது பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து அவை கிரேக்கத் தீவான கியோசுக்குப் போய், 1258இல் இத்தாலியின் ஓர்தோனாவை அடைந்தன என்பது மரபு. சாந்தோம் கல்லறை மரபையும் இதையும் இணைப்பது நம்பிக்கை. எடெஸ்ஸா மக்கள் தங்களிடம் இருப்பது இந்தியாவிலிருந்து வந்த எலும்புகள் என்று நம்பினார்கள் என்பது வரலாறு.

இன்னொரு உறவு கொஞ்சம் உறுதியானது. கேரளத்துச் 'சுறியானி' கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியான சிரியாக், எடெஸ்ஸாவின் வட்டார அரமேயப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான்.

ரோமானியர்களுக்கு இது ராசியில்லாத ஊர் என்பது சரியா?

ராசி என்று எழுத எனக்குத் தயக்கம், ஆனால் பட்டியலைப் பாருங்கள். கி.மு. 53: ஹர்ரான் அருகே ரோமத் தளபதி கிராஸஸின் படையைப் பார்த்தியர்கள் நசுக்கினார்கள், அவரும் இறந்தார். கி.பி. 217: பேரரசர் காரகல்லா எடெஸ்ஸாவிலிருந்து ஹர்ரானுக்குப் போகும் வழியில், இயற்கை உபாதைக்காக ஒதுங்கியபோது சொந்தக் காவலனால் குத்திக் கொல்லப்பட்டார். 260: பேரரசர் வலேரியன் எடெஸ்ஸா அருகே பாரசீக மன்னர் ஷாபூரிடம் உயிரோடு பிடிபட்டார். ரோமப் பேரரசர் ஒருவர் எதிரியிடம் சிறைப்பட்டது அதுவே முதல் முறை.

அரபுக் காலத்தில் என்ன நடந்தது?

639இல் நகரம் பெரிய சேதமில்லாமல் சரணடைந்தது. கிறிஸ்தவர்களே பெரும்பான்மையாகத் தொடர்ந்தார்கள். அந்த நூற்றாண்டுகளின் வெளிச்சம் எடெஸ்ஸாவைவிட ஹர்ரான் மேல்தான் விழுந்தது. கடைசி உமையாக் கலீபா இரண்டாம் மர்வான் அதைத் தலைநகராக்கினார். சந்திர வழிபாட்டையும் கோள் வழிபாட்டையும் விடாமல் வைத்திருந்த சாபியர்கள் அங்கே வாழ்ந்தார்கள். கணித மேதை தாபித் இப்னு குர்ரா அவர்களில் ஒருவர். ஓர் ஆண்டின் நீளத்தை இரண்டரை நிமிட வித்தியாசத்துக்குள் கணித்த வானியலாளர் அல்-பத்தானியும் அவ்வூர்க்காரர்தான். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் ஹர்ரானைக் காலி செய்ததோடு அது முடிந்தது.

சிலுவைப்போர்க்காரர்களின் முதல் அரசு இங்கேயா?

ஆமாம், ஜெருசலேமுக்கும் முன்பே. 1098இல் எடெஸ்ஸாவை ஆண்டவர் தோரோஸ் என்ற ஆர்மீனியர். வயதானவர், பிள்ளை இல்லை, சுற்றிலும் துருக்கியர். உதவிக்கு பிரெஞ்சுப் பிரபு பால்ட்வினை அழைத்தார். கூலிக்குச் சண்டை போட மாட்டேன், வாரிசாக்கு என்றார் பால்ட்வின். ஊர் வழக்கப்படி தத்தெடுப்பு நடந்தது: பெரிய சட்டை ஒன்றுக்குள் இருவரும் நுழைந்து, வெற்று மார்போடு மார்பு உரசிக்கொள்ள வேண்டும். தோரோஸின் மனைவியும் அதேபோல் செய்தாராம். சில வாரங்களில் கலகம் வெடித்து தோரோஸ் கொல்லப்பட்டார். பால்ட்வின் அதிபதியானார். கலகத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்று அன்று முதல் இன்று வரை சண்டை. மகன் தந்தையைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

1144இல் மோசுலின் ஆட்சியாளர் ஸெங்கி மதிலின் அடியில் சுரங்கம் தோண்டித் தகர்த்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஊரைப் பிடித்தார். ஐரோப்பாவில் இரண்டாம் சிலுவைப்போர் கிளம்பியது இதனால்தான். ஆனால் அந்தப் படை எடெஸ்ஸா பக்கமே வரவில்லை. 1146இல் பழைய அதிபதி ஜோஸ்லின் திடீரென்று ஊரைத் திரும்பப் பிடிக்க, ஸெங்கியின் மகன் நூருத்தீன் வந்து அழித்தது முந்தையதைவிடக் கொடூரம். அந்த அடியிலிருந்து எடெஸ்ஸா பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஆட்டோமன் காலம்?

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 400 ஆண்டுகள். எல்லைக் கோட்டையாக இருந்தது சந்தை ஊரானது. அக்காலத்து கும்ருக் ஹான் சத்திரத்தின் முற்றத்தில் இப்போதும் தேநீர் குடிக்கலாம், மரநிழலில் முதியவர்கள் காய் உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஊரில் இருந்த ஆர்மீனியர்களும் சிரியாக் கிறிஸ்தவர்களும் எங்கே?

இந்தக் கேள்வியைச் சுற்றுலாக் கையேடுகள் தாண்டிவிடும். 1895 டிசம்பர் இறுதியில், இரண்டு நாளில், ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். தஞ்சம் புகுந்த தேவாலயத்தோடு வைத்து எரிக்கப்பட்டவர்கள் மட்டும் 3,000 பேர் அளவில் இருக்கும். 1915இல் எஞ்சியவர்கள் தங்கள் பகுதியை அடைத்துக்கொண்டு சில வாரம் எதிர்த்து நின்றார்கள். பீரங்கி வந்ததும் அது முடிந்தது. சிரியாக் கிறிஸ்தவர்கள் 1924இல் கூட்டமாக அலெப்போவுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் குடியேறிய பகுதிக்குச் சுறியானி வட்டாரம் என்றே பெயர் வந்தது. எடெஸ்ஸாவின் பழைய தேவாலய ராகங்களைக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள்தான். உர்ஃபாவின் பழைய தேவாலயங்களில் சில இன்று மசூதிகள்.

'ஷான்லி' எப்படி வந்தது?

முதல் உலகப்போர் முடிந்து 1919இல் ஆங்கிலேயர்கள் வந்தார்கள், அந்த ஆண்டின் இறுதிக்குள் ஊரை பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். 1920 பிப்ரவரியில் உள்ளூர்ப் படைகள் முற்றுகையிட்டன. இரண்டு மாதத்தில் உணவு தீர்ந்து, பேச்சுவார்த்தைக்குப் பின் ஏப்ரல் 11இல் பிரெஞ்சுப் படை வெளியேறியது. போகும் வழியில் கணவாய் ஒன்றில் தாக்கப்பட்டு, அவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

அதே போரில் நின்ற அண்டை ஊர் ஆன்தெப்புக்கு 1921இலேயே போர்வீரர் என்று பொருள்படும் 'காஸி' பட்டம் கிடைத்துவிட்டது. மராஷுக்கு 1973இல் 'கஹ்ராமான்', அதாவது வீரன். உர்ஃபா 1984 வரை காத்திருந்தது. ஷான்லி என்றால் புகழ்மிக்க என்று பொருள். அறுபத்து நான்கு ஆண்டு தாமதம், ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்!

அணை ஊரை எப்படி மாற்றியது?

யூப்ரடீஸ் நதியில் கட்டிய அதாதுர்க் அணை 1990இல் நிரம்பத் தொடங்கியது. முதல் கட்டமாகத் தண்ணீரை நிரப்ப துருக்கி ஒரு மாதம் நதியையே நிறுத்த, சிரியாவும் ஈராக்கும் கொதித்தன. அணையிலிருந்து மலைக்குள் 26 கிலோமீட்டருக்கு இரட்டைச் சுரங்கம் வெட்டி, 1990களின் நடுவில் ஹர்ரான் சமவெளிக்குத் தண்ணீர் விட்டார்கள். வறண்டு கிடந்த மண் பருத்திக் காடானது. சில ஆண்டுகளிலேயே சில இடங்களில் நிலத்தடி நீர் ஏறி, மண்ணில் உப்புப் பூத்தது. தேவைக்கு மேல் பாய்ச்சியதும் வடிகால் போதாததும் காரணம். நெவாலி சோரி என்ற கற்கால ஊர் அணை நீரில் மூழ்கியது. அங்கே தோண்டியபோது பார்த்த T வடிவத் தூண்களை வைத்துத்தான் ஷ்மித் கோபெக்லி தெபேயின் மேல் துருத்திக்கொண்டிருந்த கற்களை அடையாளம் கண்டார்.

இப்போது யார் வாழ்கிறார்கள்?

குர்துகள், அரபுகள், துருக்கியர்கள். மாகாணத்தின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல். 2011க்குப் பிறகு சிரியப் போரிலிருந்து தப்பி லட்சக்கணக்கானோர் வந்தார்கள். 1924இல் உர்ஃபாவிலிருந்து அலெப்போவுக்குப் போனது போலவே, இந்த முறை அலெப்போவிலிருந்து உர்ஃபாவுக்கு.

சாப்பாட்டிலும் ஆபிரகாம் கதை உண்டாமே?

உண்டு. நிம்ரோத் எல்லா விறகையும் தீ மூட்ட எடுத்துக்கொண்டதால், ஒரு வேடனின் மனைவி மான் இறைச்சியைச் சமைக்காமலேயே, உடைத்த கோதுமையும் மிளகாயும் சேர்த்துக் கல்லில் இடித்தாள். அதுதான் சீ கோஃப்தே. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்து 500 ஆண்டுதான் ஆகிறது. உர்ஃபாவின் இஸோத் மிளகாய் மட்டும் நிஜமாகவே தனி ரகம். பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிப் புழுங்கவிடுவார்கள். கருஞ்சிவப்பாகி, காரத்தோடு ஒரு புகை மணமும் ஏறும்.

குளத்து மீனைச் சாப்பிட்டால் கண் போகும் என்பது?

அப்படித்தான் ஊரில் சொல்கிறார்கள், யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதனால் கெண்டைகள் கொழுத்துப்போய், கரையில் யாராவது கையை நீட்டினாலே ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கின்றன. சிறு தட்டில் தீனி வாங்கிப் போடலாம். 384 வாக்கில் இங்கே வந்த எகேரியா என்ற கிறிஸ்தவ யாத்திரைப் பெண், அரண்மனைக் குளங்களைப் பார்த்துவிட்டுத் தன் பயணக் குறிப்பில் எழுதினார்: இவ்வளவு பெரிய, இவ்வளவு பளபளப்பான, இவ்வளவு ருசியான மீனை நான் கண்டதே இல்லை என்று. ருசி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குறிப்பின் மீதியைப் பார்த்தால், கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது.